காடா துணி போர்த்திய பேட்டரி

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. எங்கள் தறிக்கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த எட்டுத் தறிகளில் ஒன்று நின்றது. தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை. அதில் ஒரு பங்கு குறையும்போதுதான் விழும். நான் வீட்டுக்குள் உள்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்திருக்கும் என்று எண்ணி மீண்டும் புத்தகத்துக்குத் திரும்பினேன். அடுத்த தறியும் நின்றது. பிறகு, சுவரோரத் தறிகளைக் கூலிக்கு ஓட்டும் அக்காவின் குரல் முற்றத்தைத் தாண்டி வந்தது.

"அம்மணி, சித்த ஓடியாங்க! உங்க வண்டிப் பொட்டி ஒரு மாதிரி நாறுதுங்க!"

வண்டிப் பெட்டி என்று அவர் சொன்னது என் மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியை. கழற்றி எடுத்துச் சார்ஜ் செய்யும் வகை அது. கொட்டகையின் வடக்குச் சுவரோரம், பாவு உருளைகளை ஏற்றித் தள்ளும் பழைய இரும்புத் தள்ளுவண்டியின் மேல் அது இருந்தது. அதன் மேல் மூன்று மடிப்பாக, எங்கள் தறியில் நெய்த, வெளுக்காத காடா துணி. நான்கு முனைகளும் அடியில் செருகப்பட்டிருந்தன, தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குச் செய்வதைப் போல. துணியின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் பரவியிருந்தது. நகப்பூச்சின் வாசனையைப் போல இனித்து, தொண்டையைப் பிடிக்கும் ஒரு நெடி. துணியின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை கசிந்தது. ஒரு கை தூரத்தில் ஊடைநூல் கண்டுகள் நிறைந்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. தரையெங்கும், எப்போதும்போல, பஞ்சு.

நான் ஓடிப்போய் மெயின் கைப்பிடியை இழுத்து இறக்கினேன். மிச்சமிருந்த ஆறு தறிகளும் ஒன்றாக அடங்கின. "எல்லாரும் வெளிய போயிருங்க" என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. தறி ஓட்டும் நால்வரும் போனார்கள். என் பெரியப்பா, இந்தத் தறிகளையும் எங்கள் இரண்டு குடும்பங்களையும் சேர்த்து நடத்துபவர், வெளியிலிருந்து உள்ளே வந்தார்.

"என்னாச்சு கண்ணு? நவுரு, நான் கையில எடுத்து அக்கட்டால வெச்சர்றேன்."

"தொடாதீங்க பெரியப்பா. உப்பியிருக்குதுங்க. எந்நேரமும் பத்திக்கும்."

"பேட்டரி எங்காச்சும் பத்துமா?"

சுற்றிலும் பஞ்சு இல்லாதிருந்தால் நான் அதை அப்படியே விட்டுவிட்டு எல்லோரையும் தூரத்தில் நிறுத்தியிருப்பேன். அந்தக் கொட்டகையில் அதற்கு வழியில்லை. சார்ஜரின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஒட்டடைக் கழியால் துணியை விலக்கினேன். அதே கழியால் தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து முட்டி, கதவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வெறும் மண் இருக்கும் இடம்வரை தள்ளிக்கொண்டு போனேன். வண்டியின் ஒரு சக்கரம் வழியெல்லாம் கிறீச்சிட்டது. பேட்டரியின் உறை இரண்டு பக்கமும் வயிறு புடைத்ததுபோல் வீங்கியிருந்தது. புகை மெல்ல மெல்ல நின்றது. தீப்பிடிக்கவில்லை. அதற்கு நாங்கள் யாரும் காரணமல்ல.

அக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பத்து வருசமா இந்தச் செவுத்தோரம் நிக்கறனுங்க அம்மணி. குளுருக்கு ஒரு துண்டு குடுத்ததில்ல உங்க பெரியப்பன். அதுக்கு மூணு போர்வைங்க!"

நான் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோமனூர்ப் பக்கத்தில் தறி இருக்கும் வீடுகளில் எதுவும் மூடாமல் இருப்பதில்லை. பஞ்சு காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். கண் இமையில், சோற்றில், சாமி படத்தின் மாலையில் படியும். ஆகவே விலை உயர்ந்தது, வேண்டியது, பழுதாகக் கூடாதது எதுவானாலும் அதன் மேல் ஒரு காடா துணி விழும். தொலைக்காட்சி, மிக்ஸி, தையல் இயந்திரம், என் அண்ணன் பள்ளியில் வாங்கிய கோப்பை எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு பொருளின் மேல் துணி கிடக்கிறது என்றால், அதன் மேல் யாருக்கோ அக்கறை இருக்கிறது என்று பொருள். பெரியப்பா என் பேட்டரிக்கும் அந்த அக்கறையைக் காட்டினார். புதுப் பாவில் நெய்த, அழுக்குப் படாத துணியாகப் பார்த்து எடுத்து வந்தார். சார்ஜரையும் விடவில்லை, அதற்குத் தனியாக ஒரு துண்டு.

பேட்டரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அது பொய். வீட்டு இன்வெர்ட்டருக்கும் டிராக்டருக்கும் உள்ள பேட்டரிகளை அவரைப்போல் பேணுபவரை நான் பார்த்ததில்லை. மூடிகளைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டரைக் கோட்டுக்கு ஒரு சொட்டு மேலே போகாமல் விடுவார். முனைகளில் பூக்கும் பச்சை உப்பை வெந்நீரால் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவுவார். அருகில் யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார். அதிலிருந்து வாயு வரும் என்று அவருக்குத் தெரியும். என் ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்த முதல் வாரம், பேட்டரியை நாலாபுறமும் திருப்பிப் பார்த்து, "தண்ணி ஊத்தற மூடி எங்கம்மணி?" என்று கேட்டார். இதில் மூடி இல்லை, இது லித்தியம், வேறு வகை என்றேன். "பேட்டரின்னா பேட்டரிதானே" என்றார். தெரியாமலிருந்தது குற்றமல்ல. தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு, தெரியாததைச் சொல்ல வந்தவளின் வாயை அடைத்ததுதான் குற்றம்.

நான் சொல்லாமல் இல்லை. வண்டியை எடுக்கப் போன அன்று விற்பனையாளர் சொன்னவற்றை வரிசையாகச் சொன்னேன். ஓட்டி வந்ததும் பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். சார்ஜ் ஏறும்போது எதையும் மேலே போர்த்தக் கூடாது. சூடு வெளியேற வேண்டும். எளிதில் பற்றும் பொருள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நிறைந்ததும் கழற்றிவிட வேண்டும். பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் நான் வெயிலில் வந்து இறங்கியதும் பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போய் நேரே சார்ஜில் செருகினார். "ஓடி வந்த மாட்டுக்கு மொதல்ல தண்ணி காட்டோணும் கண்ணு" என்றார்.

வாசலிலேயே சார்ஜ் போடுகிறேன் என்றேன். வாசலில் போவோர் வருவோர் கண்ணெல்லாம் படும். கொட்டகையில் எப்போதும் ஆள் இருக்கிறது. லைன் உறுதியாக இருக்கிறது என்றார் பெரியப்பா. துணியையாவது எடுத்துவிடுங்கள் என்றேன்.

"பஞ்சு உள்ள போயி அடைச்சுதுன்னா?"

"அதனாலதாங்க பெரியப்பா, அங்க வெக்க வேண்டாம்ங்கறேன்."

"படிச்ச புள்ள, எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கறா" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பா, தன் அண்ணன் சிரித்தால் தானும் சிரிப்பவர், சிரித்தார். நான் துணியை எடுப்பேன். கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் துணி திரும்ப இருக்கும். வாய்விட்டு ஒரு சண்டைகூட நடக்கவில்லை. ஒரு துணியை ஒருவர் எடுப்பதும் ஒருவர் போர்த்துவதுமாக ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போயின.

அந்த வண்டி எனக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பிரிவில் நிற்கும் ஒரே மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் கடைசி வகுப்பு முடிந்த கையோடு கல்லூரியை விட்டு ஓட வேண்டும். துறை நூலகமோ அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் திறந்திருக்கும். முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கதவை வெளியிலிருந்து மட்டும் பார்த்தேன். ஸ்கூட்டர் வந்த பிறகு, மேல்மாடி ஜன்னலோரம் ஒரு மேசை என்னுடையதாயிற்று. அகராதித் தொகுதிகளை வெளியே எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். என் ஆய்வேட்டின் பாதி அந்த மேசையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது, நானும் சொன்னதில்லை. வண்டியின் பதிவு என் பெயரில் இருக்கிறது. அதற்கு முன் என் பெயரில் எதுவும் இருந்ததில்லை.

பிற்பகலில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை. தொலைபேசியில் அவரை அழைத்தது நான். அவர் வந்து இறங்கி என்னைக் கடந்து பெரியப்பாவிடம் போனார்.

"பேட்டரி நல்லா ஊதியிருக்குதுங்ணா. வண்டி ஆருங்ணா ஓட்டறது?"

"தம்பி புள்ளைங்க. தெனமும் கோயமுத்தூருக்குப் போயிட்டு வருது."

"அதானுங்ணா. லேடீஸ் முறுக்கி முறுக்கி உடுவாங்க. பேட்டரி சூடாயிப்போயிரும்."

நான் அவரிடமிருந்து நான்கடி தள்ளி நின்றேன். நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் சீரான வேகத்தில் இடப்பக்கமே போகிறவள் நான்; கூடப் படிப்பவர்கள் என்னைக் கேலி செய்வதே அதற்காகத்தான்.

"எங்க வெச்சுங்ணா சார்ஜ் போடறீங்க?"

பெரியப்பா கண்ணிமைக்காமல் சொன்னார்: "வாசல்லதானுங்க. வேப்பமரத்து நெழல்ல."

"மேல ஏதாச்சும் போத்துவீங்களா?"

"சேச்சே."

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டப்பகலில் அந்தக் கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. அக்கா அதன் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் புகை குடித்தவர் அவர்தான்.

ஒரு வீட்டில் பெரியவர் வெளியாளிடம் ஒன்றைச் சொல்லும்போது, அது பொய்யென்று தெரிந்தாலும் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. என்னை யாரும் அதற்காக அதட்டி வளர்க்கவில்லை. மூச்சு விடுவதைப்போல அது வந்துவிடும். அந்த நொடியில் எனக்கும் அது வந்தது. பெரியப்பா பொய் சொல்கிறார் என்பதுகூட என்னை அவ்வளவு சுடவில்லை. அந்தப் பொய் உண்மையானால் பேட்டரி கெட்டதற்குக் காரணமாக மிஞ்சுவது ஒன்றே ஒன்று: நான் ஓட்டிய விதம். அதை அவர் எண்ணிப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

"இல்லைங்க" என்றேன். இருவரும் திரும்பினார்கள். "தறிக்கொட்டகைக்குள்ள வெச்சுதாங்க சார்ஜ் போடறோம். காடா துணி மூணு மடிப்பாப் போத்தியிருந்துச்சுங்க. இன்னைக்குக் காலைல நான் கருமத்தம்பட்டி போயி ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேனுங்க. வந்ததும், ஆறவிடாமயே சார்ஜ் ஏத்தியாச்சுங்க. நான் முறுக்கி ஓட்டறதில்லைங்க."

சர்வீஸ்காரர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு சங்கடமாகப் பெரியப்பாவைப் பார்த்தார்.

"அப்படீன்னா வாரண்டியில ஒத்துக்க மாட்டாங்களேங்க அம்மணி. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

"தெரியுங்க."

"கொட்டகைக்குள்ளயா வெச்சீங்க?" என்று தானாகச் சொல்லிக்கொண்டார். "நல்லவேளைங்க." இந்த வார்த்தையை அவர் தள்ளுவண்டியில் கிடந்த பேட்டரியைப் பார்த்துச் சொன்னார். அது வெளியிலேயே இருக்கட்டும், சுவரோரம் வேண்டாம், யாரும் தொட வேண்டாம், எடுத்துப்போக வண்டி அனுப்புகிறேன் என்றார். இதையும் அவர் பெரியப்பாவிடமே சொன்னார்.

மாலையில் விசாரணை. அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை. எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். பெரியப்பா நாற்காலியில், அப்பா கட்டிலின் விளிம்பில், அம்மா சமையலறை வாசலில் கதவைப் பிடித்தபடி.

"வெளியாளு முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டயே கண்ணு" என்றார் பெரியப்பா. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அதுவே எனக்குத் தாங்கவில்லை. "உனக்காகத்தான அப்படிச் சொன்னேன்? புதுப் பேட்டரி சும்மா வந்திருக்குமல்லோ?"

"எனக்காகச் சொன்ன பொய்யில தப்புப் பண்ணினவ நானாத்தானுங்களே இருந்தேன், பெரியப்பா?"

"ஆரு உன்னத் தப்புன்னது? அவன் ஏதோ பேசினான். அக்கறையாத்தான எல்லாம் செஞ்சது? பஞ்சு படக்கூடாதுன்னு என்ற கையால போத்துனேன்."

"அக்கா அங்கதாங்க நின்னுட்டிருந்தாங்க."

அம்மா குறுக்கிட்டார். "விட்டுத்தள்ளு அம்மணி. ஒண்ணும் ஆகலையல்லோ."

ஒன்றும் ஆகவில்லை என்ற இந்தச் சொற்கள்தான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் முடித்து வைப்பவை. ஒன்றும் ஆகாததால் யாரும் எதையும் செய்யவில்லை என்றாகிறது. நடுவில் ஆனைமலையிலிருந்து அத்தை தொலைபேசியில் வந்தார். செய்தி எப்படியோ போயிருந்தது. கண்ணுபட்டிருக்கும், புள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டுப் போகலாம் என்றார். அந்தக் கோயிலில் மிளகாய் அரைப்பது, நமக்குத் தீங்கு செய்தவரை அம்மனே கேட்கட்டும் என்று வேண்டி. யாரை நினைத்து அரைக்கட்டும் என்று கேட்க நினைத்தேன். அத்தையிடம் நலம் விசாரித்துவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்போதுதான் பெரியப்பா முடிவைச் சொன்னார். ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயத்தைத் தெரிவிக்கும் தொனி. புதுப் பேட்டரியை அவரே வாங்கிப் போட்டுவிடுவார். வண்டியை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும். அண்ணன் என்றால் அவருடைய மகன். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை.

"அவனுக்கு வண்டி வாசி தெரியும். நீ பஸ்ஸுல போயிரு கண்ணு. எங்களுக்கும் வகுத்துல நெருப்பு இருக்காது."

அதே வண்டி. அதே வகைப் பேட்டரி. அண்ணன் ஓட்டினால் அது ஊதாது. அண்ணன் ஓட்டினால் யாரும் துணி போர்த்த மாட்டார்கள், ஏனென்றால் அவன் ஒரு முறை வேண்டாம் என்றால் போதும். நான் இரண்டு பருவம் சொன்னேன். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என் மேசை, ஜன்னல், வெளியே கொடுக்கப்படாத அகராதிகள் எல்லாம் அந்த டம்ளரின் அடியில் காபிக் கசடோடு போய்ச் சேர்ந்ததுபோல் இருந்தது. அழவில்லை. என்னால் அப்போது ஒரு வாக்கியத்தை மட்டுமே சொல்ல முடிந்தது: "நான் நாளைக்குச் சொல்றேனுங்க." அனுமதி கேட்டவர்களுக்குத்தான் நாளைக்குப் பதில் சொல்வார்கள். என்னிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. பெரியப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை, தறிகள் ஓடத் தொடங்கும் முன், முற்றத்தின் மறுகோடியில் இருக்கும் கட்டுத்தரைக்குப் போனேன். மாடுகளை விற்ற பிறகு அங்கே விறகும் தென்னை மட்டையும்தான் கிடக்கின்றன. கல்தரை, ஓட்டுக் கூரை, மூன்று பக்கம் திறந்த வெளி. தறியின் பஞ்சு அதுவரை வருவதில்லை. தரையைப் பெருக்கி, இரண்டு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். எங்கள் தறி மோட்டார்களைப் பார்க்கும் எலக்ட்ரீசியனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: மெயினிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், சரியான எர்த், நீட்டு வயர் எதுவும் வேண்டாம். கல்தூணில், என் தோள் உயரத்தில், பிளக் வர வேண்டிய இடத்தைக் கரித்துண்டால் சதுரமாக வரைந்தேன்.

அப்பா வந்து நின்றார். சதுரத்தைப் பார்த்தார். "வெறக எங்கம்மணி எடுத்து வெக்கறது?" என்றார். கிணற்றடியைக் காட்டினேன். அவர் மட்டைகளைத் தூக்கத் தொடங்கினார்.

பெரியப்பா பல் குச்சியோடு முற்றத்துக்கு வந்தார். "வண்டிச் சாவி எங்க கண்ணு? சாயந்திரம் அண்ணன் வாரான்."

"என்கிட்ட இருக்குதுங்க பெரியப்பா. வண்டி என்ற பேர்ல இருக்குதுங்க. நானே ஓட்டிக்கறேன். புதுப் பேட்டரிக்கு ஆகற செலவையும் நானே பாத்துக்கறேனுங்க."

ஒவ்வொரு சொல்லிலும் மரியாதையை விட்டுவிடாமல் சொன்னேன். அவர் என்னையும், மட்டை சுமந்துகொண்டு போகும் தன் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கொட்டகையில் அக்கா முதல் தறியை ஓட்டிவிட்டார். அந்தச் சத்தத்தில் பெரியப்பா ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

பேட்டரியில்லாத ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பூட்டினேன். அதன் மேல் யாரோ போர்த்தியிருந்த காடா துணியை எடுத்து மடித்து, கொட்டகை வாசலில், அக்கா சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் முக்காலியின் மேல் வைத்தேன். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கல்லூரிக்குப் போக, முதல் பேருந்துக்கு நடந்தேன்.